ஆறு பாய் அறை

அத்தியாயம் 14

2004ஆம் ஆண்டு நவம்பர் 20, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. ஒசாகாவின் நிப்பொன்பாஷி வீதியில், மழை என்று சொல்வதற்குச் சற்றுத் தயங்க வேண்டிய தூறல். பாதிப் பேர் குடை விரித்திருந்தார்கள். பாதிப் பேர் விரிக்கவில்லை.

சதோகோ விரித்திருந்தாள். அவளுடைய கணவர் கெய்ஜி விரிக்கவில்லை. ஒரே குடைக்குள் நடந்திருக்கலாம். ஆனால் மாதத்தில் இரண்டு வார இறுதிகள் மட்டுமே சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

கெய்ஜியின் நிறுவனம் துறைமுகங்களில் சரக்கு தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரைத் தொலைதூர ஹகாதா கிளைக்கு மாற்றியபோது, மகள் நகிசா பள்ளி மாறக் கூடாது என்பதற்காக அவர் மட்டும் போனார். தாயும் மகளும் ஒசாகாவை அடுத்த சகாய் நகரத்து வீட்டில் தங்கிவிட்டார்கள். அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டிலும் ஐந்தாவது வீட்டிலும்கூட அப்படித்தான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சென்ற வாரம் அவர் தொலைபேசியில் சொன்ன செய்திதான் புதியது. ஏப்ரலில் ஒசாகாவுக்குத் திரும்பலாம். அல்லது ஹகாதாவிலேயே இன்னும் மூன்று ஆண்டுகள் தொடரலாம். எதுவென்று திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

"நேர்ல வந்து பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேரில் வந்தார். பேசவில்லை. நேற்று மாலை குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு நிப்பொன்பாஷி போலாமா? ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒண்ணு பாக்கணும்" என்றார்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள் சதோகோ. சகாய் வீட்டில், தரையில் எட்டுப் பாய் விரிக்கும் அளவுள்ள எட்டுப் பாய் அறையில் இருந்த பழைய ரிசீவர் அக்டோபரில் செத்துப்போயிருந்தது. படத்தின் ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் அந்தப் பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர்கள் ஐந்தும் ஆங்காங்கே வாய் மூடி நின்றன. ஒரு மனிதர் புதிய ரிசீவர் வாங்கப் போகிறார் என்றால், அதைக் கேட்க அவர் அங்கே இருக்கப்போகிறார் என்றுதானே பொருள்? காலையில் அவள் ஸ்பீக்கர்களின் தூசியைத் துடைத்தாள். மென்மையான துணியால், ஒவ்வொன்றாக.

"அப்பாவுக்குக் காது கேக்கறதுக்கு அஞ்சு ஸ்பீக்கர் வேணும். அப்பவும் நீ சொல்றது விழாது" என்றாள் நகிசா, டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே.

"விழும். பதில் சொல்றதுதான் இல்ல" என்றார் கெய்ஜி.

பெண் சிரித்தாள். சதோகோவும் சிரித்தாள். அந்த அளவுக்கு அன்று காலை அவளுக்கு மனம் லேசாக இருந்தது.

*

மிசோகுச்சி ஒலியகத்தின் நான்காம் மாடியில் செருப்பறையைத் தாண்டியதும் வெளி உலகம் அறுந்துவிடும். தரையில் தடித்த கம்பளம்; சுவரில் தடித்த திரை. தன் காலடி ஓசையே தன்னைவிட்டு விலகிப்போனதைப் போல் சதோகோவுக்கு இருந்தது. பேசினால் சொற்கள் உதட்டுக்கு அருகிலேயே விழுந்துவிட்டன.

விற்பனையாளர் சுமோரி ஐம்பதைத் தாண்டியவர். கழுத்துப்பட்டையின் நுனியைச் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

"பழசு எப்படிப் போச்சு, நிஷிவாக்கி-சான்?"

"ஒரு நாள் இடது பக்கம் பேசறத நிறுத்திடுச்சு" என்றார் கெய்ஜி.

"எங்க வீட்ல வலது பக்கம். கல்யாணம் ஆன வருஷமே" என்றார் சுமோரி, தன்னைச் சுட்டிக்காட்டி. "ரிப்பேருக்கு ஆள் இல்லைன்னு வீட்டம்மா அப்படியே ஓட்டறாங்க."

அலமாரியில் இரண்டு ரிசீவர்கள். இரண்டின் மீதும் நீலத் துணி போர்த்தியிருந்தது. எது எந்த நிறுவனத்துடையது, எது விலை கூடியது என்று தெரியாமல் கேட்க வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம்.

"பேரைப் பாத்தா காது தூங்கிடும்" என்றார் சுமோரி. "முதல் பெட்டி, ரெண்டாவது பெட்டி. அவ்வளவுதான். வாங்கினப்புறம் துணிய எடுக்கலாம். கல்யாணம் மாதிரி."

விளக்கைத் தணித்தார். கெய்ஜி தேர்ந்தெடுத்த காட்சி ஓடியது: மழை பெய்யும் ஒரு சிறிய ரயில் நிலையம், யாரும் இல்லாத நடைமேடை, பின்னாலிருந்து ஒரு ரயில் வருகிறது. முதல் பெட்டியில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை. வெளியே தூறியது போதாதென்று உள்ளேயும் மழை. தோள்மீது விழுகிறதோ என்று சதோகோ ஒரு கணம் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"முதல் பெட்டிதான். சந்தேகமே இல்ல. மழைக்கு ஒரு கனம் இருக்கு. ரயில் நிஜமாவே பின்னால வருது" என்றார் கெய்ஜி.

சதோகோ சற்று யோசித்தாள்.

"அது கொஞ்சம் சத்தமா இருக்குங்க, அவ்வளவுதான்."

சுமோரி அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிடிபட்ட மனிதரின் புன்னகையோடு, ஒலி அளக்கும் சிறிய கருவி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஒரு துளிதான் கூட வெச்சேன். எல்லார்கிட்டயும் முதல்ல இதைச் செய்வேன். நூத்துக்குத் தொண்ணூறு பேர் சத்தம் கூடினதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்வாங்க. அது தப்புன்னு அவங்களே தெரிஞ்சுக்கட்டும்னுதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை போன் வரும்" என்றாள் சதோகோ. "அதுல கேட்டுப் பழக்கம்."

சுமோரிக்கு அது புரியவில்லை. கெய்ஜிக்குப் புரிந்தது. ஹகாதாவிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளில் அவருடைய குரல் எப்போதும் இரண்டு படி உயர்ந்திருக்கும். சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், இங்கே வெயில் என்று ஒவ்வொன்றையும் அந்த உயரத்திலேயே சொல்வார். அவர் இருமினார்.

*

இரண்டு பெட்டிகளின் ஒலியும் சமமாக்கப்பட்டது. இப்போது வித்தியாசம் எளிதில் அகப்படவில்லை. இரண்டும் நல்ல மழை. இரண்டும் நல்ல ரயில்.

"இதுக்கு மேல அறைதான் தீர்மானிக்கும்" என்றார் சுமோரி. "இந்தக் கம்பளத்துல கேட்டுட்டுப் போய் வீட்ல வெச்சா, வேற பெட்டிய அனுப்பிட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்க. வீட்டு ரூம் எப்படின்னு சொல்லுங்க. இங்க கட்டித் தரேன்."

சக்கரம் வைத்த தடுப்புகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கம்பளி ஒட்டியவை மரச்சுவருக்கும் காகிதக் கதவுக்கும். வழவழப்பான பலகைகள் கான்கிரீட்டுக்கும் கண்ணாடிக்கும். வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல அவற்றை நகர்த்தி, அவருடைய அறையை அங்கேயே எழுப்புவதில் சுமோரிக்கு ஒரு கர்வம் உண்டு.

"நீங்க சொல்லிட்டிருங்க, அப்பா. நான் தேநீர் எடுத்துட்டு வரேன்" என்று சதோகோ எழுந்தாள். நகிசா பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். பெயர்கள் எங்கோ பெட்டிக்குள் கிடந்தன.

தேநீர் இயந்திரம் படிக்கட்டின் அருகில் இருந்தது. மூன்று காகிதக் கோப்பைகள். சுமோரிக்கும் சேர்த்து. மங்கலான ஜன்னலில் தூறல் கோடு கோடாக இறங்கியது. எட்டுப் பாய் அறையை அவள் மனத்துக்குள் ஒருமுறை சுற்றிவந்தாள்: வலப்பக்கம் நகிசாவின் பியானோ, பின்னால் காகிதக் கதவு, அதற்கப்பால் சமையலறை. ஏப்ரலில் அவர் அங்கே உட்கார்ந்து படம் பார்ப்பார். அவள் பாத்திரம் கழுவும் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்வார். சொல்லட்டும் என்று நினைத்தாள்.

அவள் திரும்பிவந்தபோது அறை எழுந்து முடிந்திருந்தது.

வலப்பக்கம் வழவழப்பான பலகை. அங்கே பெரிய ஜன்னல் என்று பொருள். பின்னாலும் வழவழப்பான பலகை. காகிதக் கதவு இல்லை, கான்கிரீட். அகலம் குறைவு, நீளமும் குறைவு. கோப்பைகளோடு அவள் தடுப்புகளுக்கு நடுவே நின்றாள். எட்டுப் பாய் இல்லை. ஆறு.

நடுவில் ஒரு நாற்காலி.

இந்த அறைக்குள் அவள் ஒரே ஒருமுறை போயிருக்கிறாள். ஹகாதாவில், அவர் போன முதல் வருடம், திரைச்சீலை மாட்டுவதற்காக.

கெய்ஜி கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுமோரி கடைசிப் பலகையை அரை அடி தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள" என்றார் கெய்ஜி. "அங்க அலமாரி வருது. ஆங். அவ்வளவுதான். இப்ப சரியா இருக்கு."

குரல் தணிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை. ஒருவர் தம் சட்டைக்குள் கை நுழைப்பதைப் போல் அவ்வளவு இயல்பாக அவர் அந்த அறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு அறை எப்படி என்று கேட்டார்கள். நாவில் வந்தது இதுதான்.

சதோகோவின் கையில் தேநீர் சுட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்தது வேறு ஒன்று. தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாக வந்து வாசலில் நிற்பதைப் போன்ற ஒரு கூச்சம்.

"அந்த ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆறு. கொஞ்சமாத்தான். அதுக்கு அந்தப் பக்கம் பாலம்" என்றார் அவர், கண் திறக்காமல். "சாயங்காலம் பாலத்துமேல ரயில் போகும்போது கண்ணாடி லேசா அதிரும். அப்ப ரேடியோல எந்தப் பாட்டு ஓடினாலும், அது பாட்டோடவே சேர்ந்துடும்."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா கிரேன் எல்லாம் காணாமப் போயிடும். ஒண்ணொண்ணா. கடைசியா மேல இருக்கற சிவப்பு விளக்கு மட்டும்..."

நிறுத்தினார். கண் திறந்தார். வலப்பக்கப் பலகையைப் பார்த்தார். பின்பக்கப் பலகையைப் பார்த்தார். பிறகு, கோப்பைகளோடு நிற்கும் மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, நான்..."

"பேசக் கூடாது" என்றார் சுமோரி.

அவர் இதற்குள் ஒலிவாங்கி ஒன்றை முக்காலியில் பொருத்தி, கெய்ஜியின் காது உயரத்துக்கு ஏற்றியிருந்தார். புதிய ரிசீவர்கள் அறையைத் தாமே அளந்துகொள்கின்றன: கேட்பவர் உட்காரும் இடத்தில் ஒலிவாங்கியை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சிறிய கீச்சொலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து, இங்கே சுவர், இங்கே ஜன்னல், இங்கே மனிதர் என்று கணக்கிட்டுக்கொள்ளும். அதுவரை யாருடைய மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

"எழுந்து இப்படி ஓரமா வாங்க. அளந்து முடியற வரைக்கும் ஒரு வார்த்தை வேண்டாம்."

மூவரும் தடுப்பின் ஓரமாக நின்றார்கள். காலி நாற்காலியைச் சுற்றி அந்த ஒலி எழுந்தது: இடது மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது மூலையில் ஒன்று, பிறகு பின்னால். இருட்டில் யாரோ விரல் நுனியால் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சுற்றிவருவதைப் போல இருந்தது. கெய்ஜியின் வாய் ஒருமுறை திறந்தது. சுமோரி விரலை உயர்த்தினார். அது மூடிக்கொண்டது.

யாரும் இல்லாத நாற்காலியைச் சதோகோ பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை மாலைகளும் அவர் அங்கே இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? ஜன்னல் அதிர, கிரேன்கள் ஒவ்வொன்றாக மறைய. அவர் தனியாகக் கஷ்டப்படுகிறார் என்று நினைத்துத்தான் அவள் மாதாமாதம் அரிசியும் காலுறையும் பொட்டலம் கட்டி அனுப்பினாள். அவர் கஷ்டப்படவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு நான்கு ஆண்டுகளாக வாய் வரவில்லை.

கீச்சொலி நின்றது.

"இப்பப் பேசலாம்" என்றார் சுமோரி.

யாரும் பேசவில்லை.

*

அந்த மௌனத்தைக் கலைத்தவள் சதோகோதான். கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு சிடியை எடுத்தாள்.

"இதையும் ரெண்டு பெட்டியிலயும் போட முடியுமா?"

அவள் பாடும் சேர்ந்திசைக் குழுவின் பதிவு. வட்டாரத்துத் தாய்மார்கள் முப்பது பேர் வியாழக்கிழமைதோறும் சமூகக்கூடத்தில் கூடிப் பாடுவார்கள். கச்சேரி எப்போதும் வேலை நாளில். கெய்ஜி ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு அவருக்கு இந்தச் சிடியை அனுப்ப நினைத்து, அரிசிப் பொட்டலத்தில் வைத்து, ஒட்டுவதற்கு முன்பு திரும்ப எடுத்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"உக்காருங்க" என்றாள் கணவரிடம்.

அவர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பின்னால், கான்கிரீட் என்று சொல்லப்பட்ட பலகையின் அருகில் நின்றாள்.

முதல் பெட்டி பாடியது. முப்பது குரல்களும் ஒரே துணியாக விரிந்தன, மடிப்பில்லை, சுருக்கமில்லை. அழகாக இருந்தது. பிறகு, அதே பாட்டை இரண்டாவது பெட்டி பாடியது. துணி அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது இழைகள் தெரிந்தன. யாரோ ஒருத்தி எழுத்துகளைக் கடித்து உச்சரித்தாள். யாரோ ஒருத்தியின் தாள் சரசரத்தது. இது தன் குழுவா என்று சதோகோவே வியந்தாள்.

கெய்ஜி கையை உயர்த்தினார். சுமோரி நிறுத்தினார்.

"மறுபடி. அந்த வரிக்குக் கொஞ்சம் முன்னாடியிலேர்ந்து."

மறுபடி ஓடியது.

"இடது பக்கம், பின் வரிசை" என்றார் கெய்ஜி மெதுவாக. "எல்லாரும் மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தங்க எடுத்துடறாங்க."

குழுத்தலைவி அதற்காகச் சதோகோவை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறாள்.

"இது சதோகோ" என்றார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர். சுமோரி சட்டென்று குனிந்து, அவிழாத ஒரு கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"எப்படித் தெரியும்?"

"தூங்கறப்பவும் அப்படித்தான் எடுப்ப. ஏதோ சொல்லப் போற மாதிரி." திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அப்புறம் சொல்ல மாட்ட."

அவள் மூச்சை உள்ளிழுத்தாள். அதை அவளே கேட்டாள்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

"இல்ல."

"இப்பச் சொல்லுங்க. இப்பப் பேசலாம்னு அவரே சொல்லிட்டாரு."

கெய்ஜி கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"திரும்பி வந்தா மேசை வேலை. அங்கன்னா கிரேன். காலையில மேல ஏறினா கடல் பூரா தெரியும். எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. உன்ன வீட்ல தனியா விட்டுட்டு, எனக்கு ஹகாதாவுல நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதான் திரும்பிடலாம்னு நெனச்சேன். இந்தப் பெட்டியும் நம்ம வீட்டுக்குத்தான் பாக்க வந்தேன். சத்தியமா. அவர் கேட்டதும் வாயில அது வந்துடுச்சு."

"தெரியும்."

"கோவமா?"

"தேநீர் ஆறிடுச்சுங்க" என்றாள் சதோகோ. பிறகு, "அங்க எல்லாம் இருக்குல்ல? ஆறு, பாலம், விளக்கு" என்றாள்.

"எல்லாம் இருக்கு. இந்த மூச்சுதான் இல்ல."

சதோகோ சுமோரியிடம் திரும்பினாள்.

"சுமோரி-சான், இன்னொரு நாற்காலி கிடைக்குமா?"

அவர் கொண்டுவந்தார். ஆறு பாய் அறையில் இரண்டாவது நாற்காலிக்கு இடம் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. இடப்பக்கம் வைத்தால் கதவு இடித்தது. வலப்பக்கம் வைத்தால் ஜன்னல் மறைந்தது.

"கொஞ்சம் நெருக்கிப் போடணும்" என்றார் சுமோரி. "வேற வழி இல்ல. மைக்கை ரெண்டு எடத்துலயும் வெச்சு அளந்தா ரெண்டு பேருக்கும் சரியா வரும். ஒருத்தருக்கு மட்டும் கேக்கற அளவுக்கு அவ்வளவு கச்சிதமா இருக்காது. அதையும் சொல்லிடறேன்."

"பரவாயில்ல" என்றாள் சதோகோ.

நாற்காலிகள் நெருக்கிப் போடப்பட்டன. மறுபடி அந்தக் கீச்சொலி. மறுபடி யாரும் பேசக் கூடாத அந்த மௌனம். இம்முறை கெய்ஜியின் வாய் திறக்கவில்லை. அவருடைய தோள் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

*

கீழ்த்தளத்தில், கல்லாவின் அருகே, சுமோரி துணியை விலக்கிக் காட்டினார். அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டாவது பெட்டி கறுப்பு. கெய்ஜி எதிர்பார்த்த நிறுவனம் இல்லை. ஏமாற்றத்தை மறைக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சி எல்லோருக்கும் தெரிந்தது.

"இதைக் கையெழுத்து நல்லா இருக்கறவங்க எழுதுங்க" என்று டெலிவரிச் சீட்டை நீட்டினார் சுமோரி.

"அப்ப நான் இல்ல" என்றார் கெய்ஜி.

சதோகோ பேனாவை வாங்கினாள். அதே நேரத்தில் கல்லாமேசைமீது வைத்திருந்த அவளுடைய செல்போன் நடுங்கத் தொடங்கியது. திரையில் நகிசாவின் பெயர். கியோத்தோ கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே, "நான் ஹாஸ்டலுக்கெல்லாம் போக மாட்டேன், வீட்லேர்ந்துதான் போவேன், அம்மா சமையல விட்டுட்டு எங்க போறது?" என்று அறிவித்தவள் அவள். போன வாரம்தான். அவளிடம் இன்னும் யாரும் எதையும் கேட்கவில்லை.

"எடுக்கலியா?" என்றார் கெய்ஜி.

"எழுதிட்டு எடுக்கறேன்."

முகவரி என்ற இடத்தில் அவள் எழுதத் தொடங்கினாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நான்கு ஆண்டுகளாகப் பொட்டலங்களில் எழுதி எழுதிக் கைக்குப் பழகிய முகவரி அது. ஹகாதா. ஆற்றங்கரைத் தெரு. குடியிருப்பின் பெயர். கதவு எண். அவர் அருகில் நின்று ஒவ்வோர் எழுத்தாக அது உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிவரி நேரம்: புதன்கிழமை, முற்பகல்.

"அன்னிக்கு எனக்கு வேலை" என்றார் அவர் மெதுவாக. "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்களே. வாங்கிக்க ஆள் வேணும்."

"ஆமாங்க, வேணும்" என்றாள் சதோகோ.

பொருளைப் பெறுபவர் என்ற இடத்தில் இத்தனை காலமும் பொட்டலங்களில் எழுதிவந்த கெய்ஜியின் பெயரை எழுதவில்லை. நிஷிவாக்கி சதோகோ என்று எழுதினாள். ஜப்பானிய எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் அதற்குரிய வரிசையில், அதற்குரிய அழுத்தத்தில். கீழே கையெழுத்திட்டாள். மை காயும்வரை காத்திருந்தாள்.

செல்போன் நின்று, மறுபடி நடுங்கியது.

அவள் சீட்டைத் திருப்பி, எழுத்துகள் அவர் பக்கம் இருக்குமாறு வைத்து, இரண்டு கைகளாலும் கெய்ஜியிடம் கொடுத்தாள்.